கண்ணாறு, சதிரம், கோல்: பழைய வயலைத் தரையில் தேடுவது

உத்திரமேரூர் சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர். 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டைப் படமெடுத்ததும் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அந்த ஆறு பேர் எதைக் காத்தார்கள் என்று பார்க்க ஏரிக்கரைக்குத்தான் போகவேண்டும்.

பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊர்களின் நிலக்கல்வெட்டில் முகவரி இப்படி வரும்: இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாற்று மூன்றாம் சதிரம். வதி என்ற பாதையும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, கண்ணாறு என்ற சிறு வாய்க்கால் இடையிலுள்ள நிலத்தைப் பிரிக்க, நடுவில் விழும் கட்டம் சதிரம். ஊரையே கட்டம்போட்ட தாளாக்கி எண் கொடுத்திருக்கிறார்கள்.

இதைத் தரையில் பிடிக்க முதலில் தேவை எஃப்.எம்.பி. புலப்படங்கள், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான நில அளவை வரைபடங்கள். அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்து எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டுங்கள். உட்பிரிவுக் கோடுகளை அழித்துவிடுங்கள். பெரும்பாலும் பாகப்பிரிவினையிலும் கிரயத்திலும் வந்தவை. பல சர்வே எண்களைத் தாண்டி நேராக ஓடும் வரப்பு, வண்டிப்பாதை, வாய்க்கால் மிஞ்சும். வதியை அங்கே தேடுங்கள்.

கணக்கு இடறுவது நிலம் அளந்த கோலில். 16 சாண் கோல், 12 சாண் கோல் என்று இடத்துக்கு இடம் மாறும். சாணுக்கு 9 அங்குலம் என்று பெருக்கி மீட்டராக்கினால் கட்டங்கள் பொருந்தாது. சில கோயில்களில் அளவுகோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்திருப்பார்கள். அதை டேப்பால் அளந்து, அந்த ஊருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையை அளக்க மே மாதம்தான் சரி, ஏரி வற்றியிருக்கும். கரைக்குக் குறுக்காக நூல் கட்டி, மீட்டருக்கு ஒன்றாக லெவல் கருவியால் உயர ரீடிங் எடுங்கள். சரிவு மாறும் இடத்தில் கூடுதலாக ஒன்று. கைபேசி ஜி.பி.எஸ். இடம் குறிக்கப் போதும், உயரத்துக்கு உதவாது. நடுப்பகலில் கானல் அசைவில் ஸ்டாஃப் எனும் அளவுக்கட்டையின் எண் தெரியாது. காலை ஏழு மணி வெயிலில் அரை அடி மேடுகூட நிழலால் காட்டிக்கொடுத்துவிடும்.

கரை திடீரென்று வளைந்தால் பழைய உடைப்பாக இருக்கலாம். அரித்த மடுவை ஒதுக்கி, சுற்றித்தான் புதுக்கரை போடுவார்கள். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பின் கல்தூண்கள் ஏரிக்குள்ளே தள்ளி நிற்பது இயல்பு. அதைவைத்துக் கரை நகர்ந்துவிட்டதாக எழுதவேண்டாம். தூணில் எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், தூம்பு செய்வித்தவர் பெயர் கிடைக்கலாம்.

கரைமேல் கிடக்கும் பானையோட்டை நம்பாதீர்கள். தூர்வாரும்போது ஜே.சி.பி. ஏரிக்குள்ளிருந்து அள்ளிப்போட்ட மண் அது. பழைய குடியிருப்பு இருந்த நத்தமேட்டில் கிடைப்பதற்கு மதிப்பு அதிகம். 10 மீட்டர் கட்டம் போட்டு எண்ணி, படமெடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் ஓடு பொறுக்குவதும் தோண்டுவதும் கூடாது.