வன்தட்டுக்குள் புகுந்த புதிய குறியீடு

வன்தட்டில் சுழலும் தட்டிலிருந்து, படிக்கும் முனையான ஹெட் எடுத்துத் தரும் மெல்லிய மின்னலையை 0, 1 என்னும் பிட்களாகப் பிரித்தறியும் சிப்பை அத்துறையில் ரீட் சேனல் என்பார்கள். அத்தகைய சிப்புகளை வடிவமைத்து வன்தட்டு உற்பத்தியாளர்களுக்கு விற்கும் கலிபோர்னிய நிறுவனம் ஒன்றில் நான் பணியாற்றியபோது, படிக்கும்போது தவறிய பிட்களைக் கண்டறிந்து சரிசெய்யும் எல்டிபிசி என்னும் பிழைதிருத்தக் குறியீட்டை அவர்களுடைய வன்தட்டுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணி எங்கள் குழுவிடம் வந்தது. இன்று அந்தக் குறியீடு இல்லாத வன்தட்டு சந்தைக்கு வருவதில்லை. ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஏற்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. அந்தத் தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

குறியீடு என்னவோ பழையது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். அன்றைய மின்னணுவியலால் அதைத் தாங்க முடியாததால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் நூலகத்திலேயே கிடந்து, 1990-களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதற்கிடையே வன்தட்டுகளைக் காத்துவந்தது, 1960-இல் வெளியான ரீட்-சாலமன் குறியீடு. 1990-இல் ஐபிஎம் தன் வன்தட்டு ஒன்றில், அலையின் முகட்டைத் தேடும் பழைய முறையைக் கைவிட்டு, முழு அலைவடிவத்தையும் ஒப்பிட்டு மிகப் பொருத்தமான பிட் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் பிஆர்எம்எல் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் பிழைதிருத்தம் மட்டும் ரீட்-சாலமனிடமே இருந்தது.

இரண்டுக்குமான வேறுபாடு அடிப்படையானது. ரீட்-சாலமன், ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட பிட்களை வாங்கித் தவறானவற்றைத் திருத்துகிறது. எல்டிபிசி, ஒவ்வொரு பிட்டும் 0-ஆகவோ 1-ஆகவோ இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அலையைப் படிக்கும் பகுதியோடு மாறிமாறிக் கலந்துபேசி, சுற்றுக்குச் சுற்று தன் முடிவைத் திருத்திக்கொள்கிறது. இதனால் கிடைக்கும் ஆதாயத்தை நாங்கள், இரைச்சலை ஒப்பிட்டு அளக்கும் அலகான டெசிபலில் வரைபடம் போட்டுச் சொல்லி வந்தோம். கூடுதலாக ஒரு டெசிபல் இரைச்சலைத் தாங்க முடியுமென்றால் அதே தட்டில் பிட்களை இன்னும் நெருக்கி எழுதலாம் என்பது எங்கள் வாதம்.

உற்பத்தியாளர்களின் பொறியாளர்கள் அந்த வரைபடங்களை மறுக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. சாதாரண மேசைக்கணினி வன்தட்டு ஒன்று, படிக்கும் ஒவ்வொரு கோடி கோடி பிட்டுக்கும் அதிகபட்சம் ஒருமுறை மட்டுமே மீட்க முடியாத பிழையைத் தரலாம் என்று விவரக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். நிறுவனங்களுக்கான வன்தட்டுகளில் அந்த வரம்பு பத்து மடங்கு கடுமையானது. ரீட்-சாலமன் எப்போது தோற்கும், தோற்கும்போது தவறான விடையைச் சரியென்று தந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதையெல்லாம் சூத்திரம் போட்டுக் கணக்கிட்டுவிடலாம். எல்டிபிசிக்கு அப்படியொரு சூத்திரம் கிடையாது. அதன் பிழைவீதம் செங்குத்தாக இறங்கிக்கொண்டே வந்து, ஓர் ஆழத்தில் திடீரெனத் தளம் தட்டி நின்றுவிடும். குறியீட்டின் இணைப்புகளுக்குள் மறைந்திருக்கும் சில சிறு பிட் கூட்டங்கள் ஒன்றையொன்று தவறான முடிவில் உறுதிப்படுத்திக்கொள்வதே இதற்குக் காரணம். அந்தத் தளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கணினிப் பாவனையால் (சிமுலேஷனால்) நேரடியாகப் பார்க்க முடியாது. தட்டில் தரவை எழுதும் சிறு துண்டுகளான செக்டார்களை நொடிக்கு ஆயிரமாகச் சோதித்தாலும் ஒரேயொரு தோல்வியைக் காணவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புள்ளிவிவரமாகச் சொல்ல ஒரு தோல்வி போதாது.

ஆகவே, உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புகள் கொண்ட பலகைகளை அடுக்கி, குறியீட்டை வன்பொருளிலேயே ஓடவிட்டு, இரவும் பகலும் செக்டார்களை அதனுள் செலுத்திக்கொண்டிருந்தோம். சிக்கிக்கொள்ளும் பிட் கூட்டங்களைத் தனியே தேடிப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து வெளியேறும் வழிகளைப் பிழைதிருத்தும் பகுதியில் சேர்த்தோம். உற்பத்தியாளர்கள் தங்கள் உண்மையான ஹெட்களிலிருந்து பதிவுசெய்த அலைவடிவங்களைத் தந்தார்கள். எந்த மாதிரியின் ஹெட், எந்தத் தலைமுறைத் தட்டு என்பதைச் சொல்லமாட்டார்கள். எங்களுக்குள்ளும் ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர் இன்னொரு வாடிக்கையாளரின் கோப்புகளைத் திறக்க முடியாது. போட்டியாளர்களுக்கு ஒரே சிப்பை விற்பவருக்கு அந்தச் சுவர்தான் மூலதனம். அது ஒருமுறை கசிந்தால் எந்தத் தொழில்நுட்பத்தாலும் அந்த நம்பிக்கையை மீட்க முடியாது.

நாங்கள் முற்றிலும் எதிர்பாராத தடை தொழிற்சாலையில் இருந்தது. பினாங்கில் வன்தட்டுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஒரு மூத்த மலேசியத் தமிழர், எங்கள் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, உங்க டெசிபல நான் எங்க எழுதறது? என் ரிப்போர்ட்ல அதுக்குக் கட்டமே இல்லயே” என்றார். அவர் சொன்னது உண்மை. தொழிற்சாலையில் ஒவ்வொரு வன்தட்டும் அடுக்குகளில் பல மணி நேரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஹெட்டுக்கும் தட்டின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஏற்றபடி தன் அமைப்புகளைச் சரிசெய்துகொள்கிறது. அந்தச் சோதனைகள் யாவும், ஒரு செக்டாரில் ரீட்-சாலமன் எத்தனை பிழைகளைத் திருத்தியது என்ற எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டவை. பத்துப் பிழை என்றால் நலம், முப்பது என்றால் எச்சரிக்கை என்பதுபோல, தோல்வி வருமுன்பே நெருங்கிவரும் ஆபத்தை அந்த எண் காட்டிவிடும். எல்டிபிசியில் அந்த எண்ணுக்கு அதே பொருள் இல்லை. நிறையப் பிழைகளோடு வரும் செக்டார் எளிதாகத் தேறும், குறைவான பிழைகளுடையது மாட்டிக்கொள்ளும். குறியீட்டை மாற்றினால் தொழிற்சாலையின் கண்ணைப் பிடுங்கியதாகிவிடும்.

அதன் பிறகு நாங்கள் சிப்புக்குள் புதிய அளவீடுகளைச் சேர்த்தோம். ஒரு செக்டார் தேற எத்தனை சுற்றுகள் தேவைப்பட்டன என்ற சராசரி, வேண்டுமென்றே சுற்றுகளைக் குறைத்து ஓடவிட்டுத் தோல்வி வீதத்தைக் கணிக்கும் முறை ஆகியன அவற்றுள் முக்கியமானவை. என் கணிப்பில், குறியீட்டைவிட இந்த அளவீடுகளே தொழில்நுட்பத்தை விற்றன. அவை வந்த பிறகுதான் ஆதாயத்தைத் தொழிற்சாலையின் மொழியில் சொல்ல முடிந்தது. ஒரு தட்டின் இருபுறமும் இரண்டு ஹெட்கள் உண்டு. சோதனையில் ஒரு ஹெட் தேறாவிட்டால் அதை முடக்கி, அந்த வன்தட்டைக் குறைந்த கொள்ளளவில் குறைந்த விலைக்கு விற்கவேண்டி வரும். தேறாமல் போகவிருந்த ஹெட்களில் எத்தனையை எங்கள் சிப் தேறவைக்கிறது என்ற கணக்கைக் காட்டியபோது, அதுவரை எங்கள் கூட்டங்களுக்கு வராத உற்பத்திப் பிரிவினர் வரத் தொடங்கினார்கள். அடர்த்தியைப் பற்றிப் பேசியபோது ஆய்வுப் பிரிவினர் மட்டுமே எங்களுடன் அமர்ந்திருந்தார்கள்.

காலமும் கைகொடுத்தது. முப்பது ஆண்டுகளாக 512 பைட்டாக இருந்த செக்டாரை 4096 பைட்டாக்கும் திட்டத்தை இத்துறையின் கூட்டமைப்பான ஐடெமா முன்னெடுத்துவந்தது. 2011 ஜனவரி முதல் புதிய மேசைக்கணினி, மடிக்கணினி வன்தட்டுகளை அந்த வடிவத்தில் தருவதென்று உற்பத்தியாளர்கள் இணைந்து முடிவுசெய்திருந்தார்கள். எட்டுச் சிறு செக்டார்களுக்கு இடையேயான இடைவெளிகளும் ஒத்திசைவுக் குறிகளும் மிச்சமாயின. அதைவிட முக்கியம், குறியீடு நீளமானால் வலிமையும் கூடும் என்பது. எல்டிபிசிக்கு நீண்ட செக்டார் தேவைப்பட்டது. அது எங்கள் முயற்சியின்றியே வந்துசேர்ந்தது.

முதல் தலைமுறையில் எல்டிபிசி தனித்து நிற்கவில்லை. அதன் பின்னால் ஒரு சிறிய ரீட்-சாலமன் காவலாக இருக்கவேண்டும் என்று வாடிக்கையாளர் வலியுறுத்தினார். எங்கள் கணிதவியலாளர்கள் அதை வீண் பைட்டுகள் என்றார்கள். நான் வாடிக்கையாளர் பக்கம் பேசினேன். விற்றுவிட்ட லட்சக்கணக்கான வன்தட்டுகளில் ஒருவருடைய குடும்பப் படங்களும் இன்னொருவருடைய கணக்கேடுகளும் இருக்கும்போது, சூத்திரத்தால் நிறுவக்கூடிய ஒரு காவலைக் கேட்பது கோழைத்தனம் ஆகாது.

அடுத்த தலைமுறைக்கான தேவைப்பட்டியல் வந்தபோது அந்த ரீட்-சாலமன் அதில் இல்லை. களத்திலிருந்து திரும்பிவந்த வன்தட்டுகளின் விவரங்களை ஆராய்ந்துவிட்டு, அந்தப் பைட்டுகளையும் எல்டிபிசிக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்கள் அதே வாடிக்கையாளரின் பொறியாளர்கள்தான்.