போயா வேலை: வங்கக் கடல் நாட்குறிப்பு

ஜனவரி 18, சென்னைத் துறைமுகம்

காணும் பொங்கல் கூட்டம் மெரினாவை விட்டுக் கலைந்த மறுநாள் காலை, நாங்கள் கப்பல் டெக்கில் கயிறு எண்ணிக்கொண்டிருந்தோம். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே எண்ணுவதுதான். காற்றையும் கடலையும் அளக்கிற ஆழ்கடல் மிதவை ஒன்றை நிறுத்த மூன்று கிலோமீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். எந்த உருளையில் எத்தனை மீட்டர், எந்த இணைப்பில் எந்த ஷேக்கிள் (இரும்பு இணைப்பு வளையம்), அதன் ஊசி பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். ஒரு ஊசி கழன்றாலும் ஒரு வருட வேலை கடலோடு போய்விடும்.

இந்த முறை இரண்டு இடங்கள். ஒன்று சென்னைக்கு நேர் கிழக்கே ஒரு நாள் ஓட்டம். இன்னொன்று வடக்கே, 18 டிகிரி அட்சரேகையை ஒட்டி. நம் மிதவைகளுக்குப் பேர் கிடையாது, குறியீடுதான். வங்கக் கடலின் ஆழத்தில் இருப்பவை 'பிடி' என்று தொடங்கும், அரபிக் கடலில் இருப்பவை 'ஏடி'. 1996இல் சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய மிதவைத் திட்டம் இது. ஊரில் யாராவது "என்னப்பா வேலை?" என்று கேட்டால் போயா வேலை என்றுதான் சொல்வேன். நாகப்பட்டினம் பக்கத்தில் என் ஊர் அக்கரைப்பேட்டையில் எல்லோருக்கும் போயா தெரியும், மிதவை என்றால் யோசிப்பார்கள்.

மாலை நாலு மணிக்குக் கட்டவிழ்த்தோம்.

ஜனவரி 19

வாடைக்காற்று. கப்பல் ஆடுகிறது, ஆனால் தாங்கக்கூடிய ஆட்டம்தான். பாதுகாப்புப் பயிற்சி முடிந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 20

விடிந்ததும் பைனாகுலரில் மிதவை கண்ணில் பட்டது. பட்டவுடனே மனசு இறங்கிவிட்டது, ஏனென்றால் அதன் கம்பம் சாய்ந்திருந்தது.

ரப்பர் படகில் கிட்டப் போய்ப் பார்த்தோம். காற்றுமானி இல்லை. சூரியத் தகடுகளில் இரண்டு இல்லை, மூன்றாவது உடைந்து தொங்குகிறது. கம்பத்தின் அடியில் தடிமனான நைலான் கயிறு உராய்ந்து பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று தெரிகிறது. ஒரு படகு வந்து கட்டியிருக்கிறது, அலையில் படகு இழுத்திருக்கிறது, கம்பம் வளைந்திருக்கிறது. தகடுகளை வேறு யாராவது கழற்றினார்களா, அதே படகுதானா, அதெல்லாம் தெரியாது. கரைக்குச் செய்தி வருவது நவம்பர் இரண்டாம் வாரத்தில் நின்றது. வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதம் அது. வருடம் முழுக்க எந்த நாளுக்காக இந்தப் போயாவைக் காத்து வைத்திருந்தோமோ, அந்த நாட்களில்தான் அது ஊமையாக இருந்திருக்கிறது.

படகிலிருந்து குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். மிதவையின் நிழலில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக. அதற்குக் கீழே கொஞ்சம் பெரியவை. அதற்கும் கீழே, நீலம் இருளாகிற இடத்தில், சூரை ஒன்று திரும்பும்போது வயிறு வெள்ளையாக மின்னியது. திறந்த கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தாலும் மீன் அடையும். இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் உள்ள தட்டு, அதற்குக் கீழே பாசி பிடித்த சங்கிலி, அதுவும் மாதக்கணக்கில் ஒரே பகுதியில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் எனக்கு முழுக்கக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது. என் சித்தப்பா முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். சின்ன வயதில் ஒருமுறை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன், "நெழலு இருந்தா மீனு இருக்கும்டா தம்பி, போயா கண்டா விடாத" என்று. டீசலுக்குக் கடன் வாங்கி இருநூறு மைல் வந்தவன், ராத்திரி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கட்ட ஓர் இடம் கிடைத்தால் கட்டத்தான் பார்ப்பான். அது காற்றை அளக்கிற கருவி என்று அவனிடம் போய்ச் சொன்னது யார்? மீனவ ஊர்களுக்குப் போய்ப் படம் காட்டி விளக்குவது நடக்கிறதுதான், அது போதாது. ஒவ்வொரு துறைமுகத்திலும், ஏலம் நடக்கிற இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஒரு ஆறுதல். தண்ணீருக்குள் 500 மீட்டர் வரை தொங்கும் கருவிகள் தங்களுக்குள்ளேயும் பதிவு வைத்துக்கொள்ளும். கம்பம் போனாலும் அவை எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுவித் திறந்தோம். ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மற்றதெல்லாம் பேசின! புயல் நாட்களின் கடல் கைக்கு வந்துவிட்டது, மேலே வீசிய காற்று மட்டும் இல்லை.

ஜனவரி 21

புது மிதவையை இறக்கிய நாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை வரை யாரும் உட்காரவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நங்கூரத்தை முதலில் போடுவோம் என்று நினைப்பார்கள். நேர் எதிர். முதலில் மிதவை தண்ணீரில் இறங்கும். அதன் வாலாகக் கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட அந்த எஃகுக் கம்பியில்தான் கருவிகளை வரிசையாகக் கவ்விப் பொருத்துவோம். 5 மீட்டர், 10, 15, 20, 30, 50, 75, 100, 200, கடைசியாக 500. தனியாக ஒயர் எதுவும் கிடையாது, கருவி சொல்வதை அந்தக் கம்பியே மேலே கொண்டுபோகும், இதை முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. கம்பி முடிந்ததும் நைலான், அப்புறம் தண்ணீரில் மிதக்கிற வகைக் கயிறு. எல்லாம் கப்பலுக்குப் பின்னால் நீண்டு கிடக்க, கப்பல் நடக்கிற வேகத்தில் முன்னே போய்க்கொண்டே இருக்கும். டெக் ஆட்களின் தலைவரான போசன் கை காட்டினால் வின்ச் என்ற கயிறு இழுக்கும் இயந்திரம் ஓடும், கை மடக்கினால் நிற்கும், டெக்கில் அந்த நேரத்தில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். கயிறு இறுகி நிற்கும்போது அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவோம், அறுந்தால் காலை எடுத்துவிடும்.

கடைசியில் இரும்பு எடை. டன் கணக்கில் கனம். இங்கே ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். சொன்ன இடம் வந்ததும் கொக்கியை விடுவித்தார்கள், ஒரே சத்தம், கடல் மூடிக்கொண்டது. அப்புறம் காத்திருப்பு. எடை அடிமட்டம் போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தூரத்தில் மிதவை எங்களை நோக்கி ஓடி வரும், யாரோ பிடித்து இழுப்பதுபோல. மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிற்கிற நொடியில் கண் கலங்குகிறது.

இருட்டியதும் அதன் மஞ்சள் விளக்கு தெரிந்தது. 20 நொடியில் ஐந்து மினுக்கு. கடலில் தகவல் சேகரிக்கும் மிதவை என்பதற்கு உலகம் முழுக்க இதுதான் அடையாளம்.

ஜனவரி 22, ஓட்டத்தில்

கூட வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருவர் இரவுச் சாப்பாட்டில் கேட்டார், செயற்கைக்கோள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று. நல்ல கேள்வி. செயற்கைக்கோள் கடலின் தோலைப் பார்க்கும், தோலுக்குக் கீழே பார்க்காது. ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் வரை போய் வரும், ஆனால் பெரும்பாலும் பத்து நாளுக்கு ஒருமுறைதான் மேலே வரும், நீரோட்டம் கொண்டுபோகிற இடத்துக்குப் போகும். ஒரே இடத்தில் நின்று, புயல் தலைக்கு மேல் போகும்போதும் காற்றையும் அழுத்தத்தையும் கீழே 500 மீட்டர் தண்ணீரையும் சேர்த்துச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

நிறுத்தினால் மட்டும் போதாது, வருடாவருடம் போய்ப் பார்க்கவும் வேண்டும். பசிபிக்கில் நடந்ததை அவரிடம் சொன்னேன். 1982-83இல் வந்த எல் நினோவை, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வானிலையையே மாற்றுவதை, உலகம் முன்கூட்டியே கண்டுகொள்ளவில்லை, அதற்குப் பிறகு நிலநடுக்கோட்டை ஒட்டி சுமார் 70 மிதவைகளை வரிசையாக நிறுத்தினார்கள், 1994இல் வரிசை முழுமையானது. அவற்றைப் பராமரித்த அமெரிக்கக் கப்பலை 2012இல் ஓய்வில் அனுப்பினார்கள். இரண்டே வருடத்தில் அந்த வரிசையிலிருந்து வரவேண்டிய தகவலில் பாதிகூட வரவில்லை. மிதவையை யாரும் எடுத்துவிடவில்லை, பார்க்கப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்தியப் பெருங்கடலில் 2004இல் தொடங்கிய ராமா என்ற மிதவை வரிசையும் இப்படித்தான், பல நாடுகளின் கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும்.

ஜனவரி 23, 18 டிகிரி வடக்கு

இரவு பத்தரைக்கு சிடிடி இறக்கினோம். வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் இறங்க இறங்க அளக்கும் கருவி, சுற்றிலும் தண்ணீர் பிடிக்கும் குழாய்கள். மிதவைக் கருவிகள் சரியாகச் சொல்கின்றனவா என்று பக்கத்திலேயே இதை இறக்கித்தான் ஒப்பிடுவோம்.

திரையில் கோடு இறங்க ஆரம்பித்ததும் மாணவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலே 25 டிகிரியை ஒட்டி. கீழே போகப் போகக் குளிர வேண்டும் அல்லவா? 40 மீட்டரில் மேலே இருப்பதைவிட ஒன்றரை டிகிரி சூடு!

இது வங்கக் கடலின் தனிக் குணம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, எண்ணெய் மாதிரி மேலே படர்ந்து நின்றுவிடும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்றில் அந்த மேல் அடுக்கு குளிர்ந்தாலும், உப்பு குறைவு என்பதால் கீழே மூழ்காது. அதனால் மேலே குளிர், கீழே சூடு. இப்போது ஒரு புயல் வருகிறது என்று வையுங்கள். வேறு கடலில் புயல் தண்ணீரைக் கலக்கினால் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து புயலின் பசியை அடக்கும். இங்கே அந்த நல்ல தண்ணீர் மூடி கலக்கலைத் தடுத்துவிடும், அதை மீறிக் கலக்கினாலும் மேலே வருவது சில நேரம் சூடான தண்ணீர்தான். புயல் எந்தப் பாதையில் போகும் என்று சொல்வதைவிட எவ்வளவு வலுக்கும் என்று சொல்வது ஏன் கடினம் என்பதற்கு ஒரு காரணம் இந்த 40 மீட்டரில் இருக்கிறது, அதைப் பார்க்க இங்கே வந்து கம்பியைத் தொங்கவிட வேண்டியிருக்கிறது.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய புயலில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தில் கோபால்பூர் பக்கம் கரையேறியபோது பல லட்சம் பேரை முன்பே இடம் மாற்றியிருந்தார்கள், இறப்பு நூறைக்கூட எட்டவில்லை. இடையில் நடந்தது நிறைய, மிதவை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 24

வடக்கு மிதவையை எடுத்தோம். இதை யாரும் தொடவில்லை, கம்பம் நேராக நின்றது, பறவை எச்சம் மட்டும் ஒரு விரல் கனம்.

எடுக்கும்போது அடியில் இருக்கும் கொக்கிக்கு ஒலியால் கட்டளை அனுப்ப வேண்டும். ஆழம் 2,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், ஆக மூன்று நொடியில் பதில் வந்துவிட வேண்டும். முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை வரவில்லை. கப்பலின் இரைச்சல் காரணமாக இருக்கலாம் என்று இன்ஜினைக் குறைக்கச் சொன்னோம். நான்காம் முறை "திறந்தேன்" என்று பதில் வந்தது. டெக்கில் எல்லோரும் கத்திவிட்டோம், சமையல்காரர்கூட வெளியே ஓடி வந்தார். இரும்பு எடை அடியிலேயே தங்கிவிடும், மற்றதெல்லாம் மேலே வரும்.

சங்கிலி முழுக்கக் கொட்டலசு, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளரும் சின்னக் கடலுயிர். பிளாஸ்டிக் சுரண்டியால் நாலு பேர் மூன்று மணி நேரம் சுரண்டினோம், அந்த வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு வருடப் பதிவு முழுசாக இருக்கிறது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. இதை எழுதும்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 26

நேற்று புது மிதவை இறக்கி முடித்தோம். இன்று காலை டெக்கில் கொடி ஏற்றி, கேசரி சாப்பிட்டு, தெற்கே திரும்பிவிட்டோம்.

ஜனவரி 28

திரும்பும் வழியில் முதல் மிதவை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். பொழுது சாய்கிற நேரம், ராடாரில் இன்னொரு புள்ளி. மிதவைக்கு ஒரு மைலுக்குள் ஒரு மீன்பிடிப் படகு, தூண்டில் கயிறு விடுகிற படகு.

கேப்டன் ரேடியோவை என்னிடம் கொடுத்தார். தமிழில் கூப்பிட்டேன். சற்று நேரம் பதில் இல்லை, அப்புறம் காசிமேட்டுக் குரல் ஒன்று, "சொல்லுங்கண்ணே."

திட்டவில்லை. நானும் அக்கரைப்பேட்டைதான் என்று ஆரம்பித்தேன். போயாவில் கட்டாதீங்க, கம்பம் வளைஞ்சா காத்து கணக்கு போயிடும், அந்தக் கணக்கை வெச்சுத்தான் உங்களுக்குப் புயல் செய்தி வருது என்றேன். 2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்கு சுமத்ராவில் பூமி ஆடியது, எங்கள் ஊருக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அந்த நேரத்தில் நாங்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தோம், சொல்ல யாரும் இல்லை, கடலில் சுனாமியைக் கண்டுசொல்லும் ஒரு கருவியும் இல்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

அப்புறம் அவர் கேட்டார், "அண்ணே, அதுல மேல்தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். கடைசியாக வந்த பதிவைத் திரையில் பார்த்துச் சொன்னேன், வடக்கே, நல்ல வேகத்தில். "அதான் கயிறு முறுக்கிக்கினே கீது" என்றார். பின்னால் யாரிடமோ கத்தி ஏதோ சொல்வதும் கேட்டது. காற்றும் கேட்டார், சொன்னேன். அலை உயரம் கேட்டார், அதையும் சொன்னேன். போயா ஒரே இடத்தில் நிற்காது, கயிறு நீளத்துக்கு வட்டம் அடிக்கும், கயிறு மாட்டினால் உங்களுக்கும் நஷ்டம், ரெண்டு மைல் தள்ளி விடுங்க என்றேன்.

"சரிண்ணே. மீனு அங்க தானே கீது, ஆனா சரி."

அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். ராடாரில் அந்தப் புள்ளி மெல்லக் கிழக்கே நகர்ந்து, ஒன்றரை மைலில் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி நகர்ந்தது. மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.