களிமண் வாத்துகள்

பிப்ரவரி 29, 2024

அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜ் 1892ஆம் ஆண்டு இதே தேதியில், ஃபுளோரிடாவின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். 1900 லீப் ஆண்டு அல்லவாதலால், நான்கு வயதில் வந்த பிறந்தநாள் மறுபடி வர எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

செங்கல் அறுக்க ஏற்ற அந்த ஊர் மண்ணில் அவர் வாத்துகள் பிடித்து விளையாடினார். மெதடிஸ்ட் போதகரான தந்தைக்கோ உருவம் செய்வதே பாவம். வாரத்தில் நான்கைந்து முறை அடி விழுந்ததாக அகஸ்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மண்ணில் பிள்ளையார் பிடித்தால் மகிழ்ந்து விபூதி பூசிவிடும் வீட்டில் வளர்ந்த எனக்கு, இந்த வரியைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது. ஆனால் அதே தந்தை, மகள் செய்த மரியாள் சிலையைப் பார்த்து மனம் இளகினார்.

மார்ச் 2

பதினைந்து வயதில் திருமணம், அடுத்த ஆண்டே மகள் ஐரின், சில ஆண்டுகளில் கணவர் மரணம். இரண்டாவது கணவரான தச்சர் ஜேம்ஸ் சாவேஜை விவாகரத்து செய்த பின்னும் அவருடைய பெயரை மட்டும் அகஸ்டா விடவில்லை. 1923இல் மணந்த ராபர்ட் போஸ்டன், கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கத்தவர். மறு ஆண்டே லைபீரியாவிலிருந்து திரும்பும் கப்பலில் இறந்துபோனார். விவாகரத்து செய்த கணவரின் பெயரால் ஒரு கலைஞர் உலகுக்கு அறிமுகமாவதில் எனக்கு வருத்தம் இருந்தது. இப்போது அது குறைந்துவிட்டது, ஏனெனில் சிலையின் அடியில் கீறும்போது அது அகஸ்டாவின் சொந்தப் பெயராகத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 5

நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் கலை பயின்ற அவர், பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோவில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு 1923இல் விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் தேர்வுக் குழுவினர் மறுத்தனர். வாயை மூடிக்கொள்ளாமல் பத்திரிகைகள் வரை அதைக் கொண்டுபோனார். பயணம் வாய்க்கவில்லை, சலவை நிலையத்தில் வேலை செய்து, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுந்து வாழ்ந்த ஹார்லெமில் தம்முடன் வந்து தங்கிய பெற்றோரையும் உறவினர்களையும் தாங்கினார்.

அந்த நெரிசலான வீட்டைப் பாரம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் 1929இல் அவர் வடித்த 'கேமின்' என்னும் தெருப்பையனுக்கு அவருடைய உறவுப் பையனே மாதிரியாக இருந்தான் என்பார்கள். அந்தச் சிலையால் கிடைத்த ரோசன்வால்ட் உதவித்தொகைதான் அவரைப் பாரிசுக்கு அனுப்பியது.

இரவு அதன் படத்தை வெகுநேரம் பார்த்தேன். உயரம் ஒரு சாண். சுண்ணச் சாந்தில் செய்து வெண்கலம்போல் வண்ணம் பூசியது. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, சட்டைக் கழுத்து கசங்கியிருக்கிறது. தலையைச் சற்றே சாய்த்து, நாம் சொல்லப்போவதை நம்புவதா வேண்டாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.