14 நாளைக்கு மாத்திரை

மார்ச் 3, 2025
நான் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கப்போகும் ஆள் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பெல்ட், காலாவதியான அடையாள அட்டை, மாத்திரை. எண்ணிப் பார்த்தேன். 14 நாளைக்கு.

மார்ச் 4
எஸ்எஸ்ஐ, அதாவது வேலை பார்க்க முடியாத ஏழைகளுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. அவருடைய கணக்கையே மூடிவிட்டார்கள். பணம் தொடர்ந்து 12 மாதம் நின்றுபோனால் அப்படித்தான்; புதிதாக மனுப் போட வேண்டும். இவர் உள்ளே இருந்தது 14 மாதம், அதில் பாதி வழக்கு வாய்தாவிலேயே போனது. தீர்ப்பு வந்ததா என்பதெல்லாம் எஸ்எஸ்ஐக்குக் கணக்கில்லை. ஒரு மாதம் முழுக்க உள்ளே இருந்தால் அந்த மாதப் பணம் கிடையாது, அவ்வளவுதான்.

விடுதலைக்கு முன்பே மனுப் போட வழி இருக்கிறது. அதை அவருக்கு உள்ளே யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

மார்ச் 5
மனுப் போடப்போகிறோம் என்று போனில் பதிவு செய்தாயிற்று. இனி 60 நாளுக்குள் முழு மனுவும் போய்விட்டால் இன்றைய தேதியே மனுத் தேதியாகச் செல்லும். முகவரி கேட்டார்கள். விடுதியில் அவருக்கு 30 இரவுதான். எங்கள் அலுவலக முகவரியைக் கொடுத்தேன்.

மார்ச் 7
மாத்திரை 10.

மார்ச் 10
827 படிவம். மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க அவருடைய சம்மதம். பேனாவை எடுத்தார், வைத்தார். “இதை யார் படிப்பாங்க?” சொன்னேன். “உள்ளேயும் எல்லாரும் படிச்சாங்க” என்றார். அப்புறம் போட்டார். கை நடுக்கத்தில் கையெழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

மார்ச் 13
ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, மெடிக்கெய்ட். அதை மூடவில்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள். விடுதலைத் தாளை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டால், “கணினியில் இன்னும் உள்ளே இருப்பதாகத்தான் காட்டுகிறது” என்கிறார்கள். ஆள் என் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். மாத்திரை 4.

மார்ச் 17
இலவச மருத்துவமனையில் 7 நாளைக்குக் கொடுத்தார்கள். மறுபடி ஏழிலிருந்து எண்ண வேண்டும்.

மார்ச் 20
சிறை மருத்துவக் குறிப்புகள் வந்தன. 61 பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அதே வரி: “புகார் இல்லை. அமைதியாக இருக்கிறார்.”

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் உள்ள ஒருவர் சுவரைப் பார்த்து மாதக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் அமைதியா? ஆனால் மனுவில் முடிவு எடுப்பவர் இதைத்தான் படிப்பார். நோயின் பெயர் மட்டும் போதாது. வேலை பார்க்க முடியாத நிலை, அது 12 மாதமாவது நீடிக்கும் என்று காட்ட வேண்டும். இந்தக் காகிதமோ ஆள் தேறிவிட்டார் என்கிறது.

ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா தனி அறை.”

மருத்துவச் சுருக்க அறிக்கையில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதினேன். நேற்று தண்ணீர்க் குழாயை மூட மறந்து இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றதையும் எழுதினேன். மொத்தம் ஐந்து பக்கம். கிடைத்தால் மாதம் 967 டாலர்.

மார்ச் 21
புகார் இல்லை, புகார் இல்லை, புகார் இல்லை.

மார்ச் 24
மெடிக்கெய்ட் வந்துவிட்டது! மருந்துக்கடையில் 30 நாளைக்கு. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன், பல் இரண்டு இல்லை.

ஏப்ரல் 3
நேற்றோடு விடுதி முடிந்தது. இன்று எஸ்எஸ்ஐ மனு தொடர்பாகக் கடிதம் வந்திருக்கிறது: அவர்கள் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனை, ஏப்ரல் 17, காலை 8:15. அவர் போன் அணைந்திருக்கிறது. நான்கு முறை அடித்துவிட்டேன்.

மாத்திரை 20 இருக்க வேண்டும்.