காலையில் விழிக்காத கணினி

கடந்த மார்ச் மாதத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்கள், இரவில் உறக்கநிலையில் விட்டுப்போன என் மேசைக் கணினி காலையில் விழிக்க மறுத்தது. எல்லா நாளும் அப்படியில்லை. சில நாட்களில் கீபோர்டைத் தொட்டவுடன், முந்தைய இரவு விட்ட வரியிலேயே வந்து நின்றது. மற்ற நாட்களில் உள்ளே விசிறி சுழலும், பெட்டியின் முகப்பில் விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எந்தக் குறையுமின்றித் தொடங்கும். ஆனால் சேமிக்காமல் விட்ட வேலை போயிருக்கும். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்பவன் நான். எட்டு, பத்து கோப்புகளை ஒருசேரத் திறந்துவைத்துக்கொண்டுதான் என் வேலை நடக்கும் என்பதால், இரவில் அணைக்காமல் உறக்கநிலையில் விடுவதே பல ஆண்டுப் பழக்கம்.

இத்தகைய கோளாறு வந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: விழிக்காதது கணினியா, திரையா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கீபோர்டில் நம் லாக் (Num Lock) பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தச் சிறு விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் கீபோர்டு தானாகச் செய்வதல்ல. இயங்குதளம் கட்டளையிட்டால்தான் அது மாறும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விளக்கு மாறுகிறதென்றால் கணினி விழித்துவிட்டது, படம் மட்டும் வந்துசேரவில்லை என்று பொருள். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றோடு பி (B) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பெரும்பாலும் திரை உயிர்பெற்றுவிடும். என் கணினியில் அந்த விளக்கு அசையவே இல்லை. ஆகவே மானிட்டரையும் கேபிளையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிட்டேன்.

அடுத்து, கணினி எந்த வகையான உறக்கத்துக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ என்னும் விதிமுறையில் உறக்கத்துக்குப் பல படிநிலைகள் உண்டு. கட்டளைகளைத் தட்டச்சிடும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் (powercfg /a), நம் கணினிக்கு எந்தெந்த நிலைகள் இயலும் என்று விண்டோஸே சொல்லிவிடும். என் கணினி எஸ்3 நிலையைக் காட்டியது. அந்த நிலையில் பிராசஸர், விசிறி, டிஸ்க் எல்லாம் நின்றுவிடும். தற்காலிக நினைவகமான ரேம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு, திறந்திருந்த அனைத்தையும் நினைவில் வைத்திருக்கும். ஹைபர்னேட் என்பது வேறு. அதில் ரேமில் உள்ளது முழுவதும் டிஸ்கில் எழுதப்பட்டுவிடுவதால் மின்சாரமே தேவையில்லை. டிஸ்கில் இடம் மிச்சமாகட்டும் என்று முன்பொரு நாள் நான் ஹைபர்னேட்டை அணைத்துவைத்திருந்தேன். மேசைக் கணினிகளில் எஸ்3 உறக்கத்தோடு டிஸ்கிலும் ஒரு நகலை எழுதிவைக்கும் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற வசதியும் அதனுடன் சேர்ந்தே போய்விட்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வேலை தொலைந்ததற்கு அதுவே காரணம்.

கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூயரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்த்தேன். கணினி உறங்கப் போகும்போது கெர்னல்-பவர் என்ற பெயரில் 42ஆம் எண் பதிவாகும். ஒழுங்காக விழித்தால் பவர்-டிரபிள்ஷூட்டர் என்ற பெயரில் 1ஆம் எண் பதிவாகும். முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கினால் கெர்னல்-பவர் 41 வரும். கெட்ட இரவுகள் அனைத்திலும் 42க்கு அடுத்து நேராக 41 இருந்தது, இடையில் 1 இல்லை. விண்டோஸ் ஒழுங்காக உறங்கப் போயிருக்கிறது, ஆனால் திரும்பி வரவில்லை. பழுது விண்டோஸுக்குக் கீழே, இயந்திரத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு இங்கேதான் வந்தது. பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தபோது, "எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுடலாம் சார்" என்றார்கள். பதிவுகளைப் பார்க்காமல் சொல்லப்படும் அந்த யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தேன், ஏனெனில் மிகுவேகத்தில் ஓடும் ரேம் உறக்கத்திலிருந்து திரும்பும்போது தடுமாறுவது உண்டு. இரண்டும் பயன்படவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதியை அணைக்கச் சொல்லிப் பலரும் எழுதுகிறார்கள். அது கணினியை முழுதாக மூடித் தொடங்கும் முறையைச் சேர்ந்தது, எஸ்3 உறக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இரவில் கரண்ட் போயிருக்குமோ என்றும் யோசித்தேன். யுபிஎஸ் இருந்தது, தவிரவும், மின்சாரம் அறுந்திருந்தால் காலையில் பெட்டி செத்துக் கிடந்திருக்கும், முகப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்காது.

விடையைக் கொடுத்தது என் மகள். அவள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த நான்கு இரவுகளிலும் கணினி சரியாக விழித்தது. அவள் திரும்பி வந்த மறுநாளே பழைய கதை. அதைச் சொன்னபோது, "அப்பா, நான் ராத்திரி போனை அதுலதானே சார்ஜ் போடுறேன்" என்றாள். அந்த அறையில் இருக்கும் ஒரே பிளக்கை டேபிள் ஃபேன் எடுத்துக்கொண்டதால், கணினியின் பின்புற யுஎஸ்பி துளையில் போனைச் செருகிவிட்டுப் படுப்பது அவள் வழக்கம். பகலில் போன் அவளிடம் இருக்கும். பகல் உறக்கங்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கணினி உறங்கும்போது, உள்ளே மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய மின்தடங்கள் எல்லாம் அணைந்துவிடும். 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற ஒரு சிறிய தடம் மட்டும் விழித்திருக்கும். ரேமின் நினைவைக் காப்பதும், கீபோர்டு தொடுதலுக்காகக் காத்திருப்பதும், என் மதர்போர்டில் பின்புற யுஎஸ்பி துளைகளுக்கு மின்சாரம் கொடுப்பதும் அந்த ஒரே தடம்தான். என் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒட்டுத்தாளில் அதற்கு 2.5 ஆம்பியர், அதாவது 12.5 வாட் என்று போட்டிருந்தது. புதிதாக இருந்தபோது அது போதுமானதாக இருந்திருக்கும். ஒன்பது ஆண்டு வெப்பத்தில் கிடந்த, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகளான கெபாசிட்டர்களுக்கு அந்தத் திராணி இருக்க வாய்ப்பில்லை.

அளந்து பார்க்க முடிவுசெய்தேன். மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முனை இணைப்பில் ஊதா நிறக் கம்பிதான் ஸ்டாண்ட்பை. கணினியை உறக்கத்தில் வைத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொட்டு, சிவப்பு முனையை ஊதாக் கம்பி நுழையும் துளையின் பின்பக்கமாக, பக்கத்துக் கம்பியில் படாதபடி மெல்லச் செருகினேன். 4.93 வோல்ட். சார்ஜ் முழுதும் இறங்கியிருந்த போனைச் செருகச் சொன்னேன். மீட்டரில் எண் 4.80க்கு இறங்கி, சற்றே தயங்கி, 4.58இல் நின்றது. அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை. கணினியை எழுப்பினேன்: விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது, நம் லாக் விளக்கு அசையவில்லை. மூன்று வாரமாக நான் தேடிய கோளாறு, வேண்டும்போது வரவழைக்கக்கூடியதாகக் கண்முன் நின்றது. இது ஏன் சில இரவுகளில் மட்டும் நேர்ந்தது என்பதும் விளங்கிற்று. சார்ஜ் பெரும்பாலும் நிறைந்த போன் சிறிதளவே இழுக்கும். வற்றிய போன் அதிகம் இழுக்கும். மின்னழுத்தம் அவ்வளவு தாழ்ந்தால் ரேமில் இருப்பது சிதைந்துவிடுகிறது, விழித்தெழும் பிராசஸருக்குத் திரும்பிப் போக இடம் இருப்பதில்லை.

பழுதைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டரை மாற்றலாம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்புக் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். அது உயிரையே எடுக்கக்கூடியது. நான் வேறொரு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். உறக்கத்தில் 5.04 வோல்ட், போனைச் செருகினால் 4.98. ஹைபர்னேட்டையும் ஹைப்ரிட் ஸ்லீப்பையும் மறுபடி இயக்கிவைத்தேன். டிஸ்கில் அவை பிடிக்கும் இடத்தை இப்போது நான் பெரிதாக எண்ணுவதில்லை. மகளுக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் நாற்பத்தொரு இரவுகள் கடந்திருக்கின்றன. ஈவென்ட் வியூயரில் ஒவ்வொரு 42க்குப் பின்னாலும் ஒரு 1 இருக்கிறது.