டி செல்லுக்குள் லென்டிவைரஸ்: புதிதாக ஆய்வகம் வருவோருக்கு

லென்டிவைரஸ் என்பது செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோக நாம் பயன்படுத்தும் வைரஸ். பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை அதில் வைத்து, ஆய்வகத்தில் எளிதாக வளரும் 293டி செல்களில் போட்டால் இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பச்சை மின்னும். அதே வைரஸை ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்லில் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) போட்டுப் பாருங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, வைரஸை இன்னும் கொட்டுவோம் என்பதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வைரஸ் செல்லைத் தொடவில்லையா, நுழையவில்லையா, நுழைந்தபின் முடங்கிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

தொடவைப்பதுதான் எளிது. வைரஸ், செல் இரண்டிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும்; பாலிபிரீன் என்ற நேர்மின்னூட்டப் பாலிமர் (மில்லிலிட்டருக்கு 4 முதல் 8 மைக்ரோகிராம்) அதைக் குறைக்கும். அது செல்லைக் கொல்கிறது என்றால் அதற்குப் பதில் புரோட்டமின் சல்பேட் போடுங்கள். தட்டையே 32 டிகிரியில், 800 முதல் 1000 ஜி வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றும் ஸ்பினாகுலேஷன் அதிகச் செலவில்லாமல் நல்ல பலன் தரும். மூடி போட்ட பக்கெட்டில்தான் சுழற்ற வேண்டும், இது பிஎஸ்எல்-2 (இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு) வேலை. வைரஸையும் செல்லையும் ஒருசேரப் பிடித்துவைக்கும் ரெட்ரோநெக்டின் புரதம் பூசிய தட்டும் நன்றாக வேலை செய்யும், விலைதான் கையைக் கடிக்கும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பலர் திணறும் கேள்வி இது: "லென்டிவைரஸ் பிளவுபட்டுப் பெருகாத செல்லிலும் வேலை செய்யுமே, அப்புறம் ஏன் டி செல்லைத் தூண்டுகிறீர்கள்?" பெருகாத செல்லிலும் வேலை செய்யும் என்றால் அதன் உட்கருவுக்குள் போக முடியும் என்றுதான் பொருள். உட்கருவுக்குள் போவது வேறு, வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுவது வேறு. ஓய்வில் இருக்கும் டி செல்லில் எஸ்ஏஎம்எச்டி1 என்ற நொதி டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைச் சிதைத்துக் குறைத்து வைக்கிறது. போதாததற்கு, வைரஸுக்கு நாம் போர்த்தும் விஎஸ்வி-ஜி உறைப்புரதம் பற்றிக்கொள்ளும், செல் மேலுள்ள எல்டிஎல் ஏற்பியும் (2013இல் கண்டறிந்தது) அங்கே மிகக் குறைவு. டி செல்லைத் தூண்டும் சிடி3/சிடி28 எதிர்ப்பொருள் பூசிய மணிகளோடு, அது வளர உதவும் ஐஎல்-2 புரதமும் சேர்த்து ஓரிரு நாள் தூண்டினால் இரண்டு தடையும் தளரும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் தேர்வாளர் மேலே துருவ மாட்டார்.

எம்ஓஐ (ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை வைரஸ்) கணக்கில் கவனம் வேண்டும். 293டியில் அளந்த டைட்டர் (ஒரு மில்லிலிட்டரில் வேலை செய்யும் வைரஸின் எண்ணிக்கை) டி செல்லுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், எம்ஓஐ 1 என்றால் பாய்சான் கணக்குப்படி சுமார் 37 சதவீத செல்களுக்கு வைரஸே கிடைக்காது. வைரஸைச் சின்னச் சின்னக் குழாய்களில் மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கி உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் டைட்டர் சரியும்.

மறுநாள் தெரியும் பச்சையை நம்ப வேண்டாம், வைரஸோடு ஒட்டிவந்த புரதமாகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் அளவிடுங்கள். கூடவே, ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்து போட்ட ஒரு வெல் (தட்டின் ஒரு குழி) வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பச்சை தெரிந்தால் அது மரபணு நுழைந்ததால் வந்ததல்ல.