மியன்மாரில் டவர் நிற்க நிலம் தேடிய அனுபவம்

2013 ஜூன் 27 அன்று கைத்தொலைபேசிச் சேவை நடத்த டெலினார், ஊரிடூ என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களை மியன்மார் அரசு தேர்ந்தெடுத்தது. 2014 தொடக்கத்தில் 15 ஆண்டு உரிமம் கைக்கு வந்தது. செய்திகள் அத்தோடு முடிந்துவிட்டன. கைத்தொலைபேசி டவர் அமைக்கும் நிறுவனமொன்றின் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஆவணப் பொறுப்பில் இருந்த எனக்கோ அங்கேதான் வேலை ஆரம்பித்தது.

நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும். நிலம் அப்படியல்ல. வெளிநாட்டவர் ஓராண்டுக்கு மேல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. 2012இல் வந்த வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் வழி திறந்தது: முதலீட்டு ஆணையம் அனுமதித்தால் 50 ஆண்டுக் குத்தகை, பிறகு 10 ஆண்டுகளாக இருமுறை நீட்டிப்பு. ஓராண்டுக் குத்தகையை நம்பி யார் டவருக்குப் பணம் போடுவார்கள்? எனவே அந்த அனுமதிக்காகக் காத்திருந்தோம்.

அதன் பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதை. வயல் என்றால் 7ஆம் படிவம் எனப்படும் நிலப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். வேளாண்மை அல்லாத வேலைக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும். பர்மிய மொழிப் பத்திரங்களை எனக்குப் படித்துச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் இருந்த மியன்மார்த் தமிழர். ஒருநாள் பத்திரத்தைத் திருப்பித் தந்து கேட்டார்: "தம்பி, நிலம் தாத்தா பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் பேரன். மற்ற வாரிசுகளின் சம்மதம் எங்கே?" வழக்கறிஞரின் குறிப்பில் அந்தக் கேள்வியே இல்லை. அன்றிலிருந்து அந்த அண்ணன் பார்க்காமல் எந்தக் குத்தகையையும் நான் மேலே அனுப்பவில்லை.

அலைக்கதிர் பற்றிப் பயந்த அக்கம்பக்கத்தாரிடமும் பேச வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. அவர்கள் வீட்டருகே நிற்கப்போகும் டவர் அது. உரிமத்துக்கு டெண்டர் விடுமுன்பே டவர் நிலத்துக்கென்று எளிய விதிகளை வகுத்திருந்தால் கிராமங்களுக்கு அலைவரிசை சீக்கிரம் போயிருக்கும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

ஆனாலும் 2014 ஆகஸ்ட்டில் ஊரிடூவும் செப்டம்பரில் டெலினாரும் சேவையைத் தொடங்கின. முன்பு நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற சிம் அட்டை மியன்மார் நாணயத்தில் 1500 சாட்டுக்குக் கிடைத்தது. இத்தகைய சந்தைக்குப் போகிறவர்கள் உள்ளூர்ப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரை முதல் நாளே வேலைக்கு எடுங்கள். ஆலோசனை நிறுவனத்தைப் பிறகு தேடலாம்.